பத்மநாபனின் மூன்றாவது பிறந்தநாள்

"நாய்ங்க போகணும்னா நானும் போறேன். எனக்கும் ஒரு பெல்ட் எடுத்து மாட்டி விடும்மா!"

"தாராளமாப் போ! சரோஜாக்கா வீட்டுல அதுங்களோட சேர்ந்து படுத்துக்கோ. வர்றவங்ககிட்ட, பொண்ணைப் பக்கத்து வீட்டுல கட்டிப் போட்டிருக்கோம், எட்டிப் பாத்துக்குங்கன்னு சொல்லிடறேன்!"

"சொல்லு. இந்த வீட்டுல இன்னைக்குப் பேசப்போற ஒரே உண்மை அதுவாத்தான் இருக்கும்."

"ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்களேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்க கேட்டுட்டுத்தான் இருப்பாங்க!"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்காக வெளியே வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தேன். ஜூன் மாதத்து ஷார்ஜா வெயிலில் கறிவேப்பிலைக்கு அடிக்கடி ஊற்ற வேண்டும். அந்தத் தொட்டி மதிலோரம் இருப்பது செடியின் நல்லதுக்கு.

முவைலாவில் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கும் பழைய வில்லாக்களில் எங்களுடையதும் பத்மநாபனுடையதும் அடுத்தடுத்தவை. பத்மநாபன் திருச்சிக்காரர், ஏசி குழாய் போடும் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். சைட்டில் நூறு பேரை விரட்டுகிறவர், வீட்டில் ரிமோட்டைக் கேட்டு வாங்குவார். மனைவி ஷியாமளா கணக்கு டீச்சர். ஒரே மகள் தாரிணி ஃபிசியோதெரபிஸ்ட். மற்றபடி அந்த வீடு முழுக்க நாய்.

அவர்கள் ஒரு நாயைக்கூட காசு கொடுத்து வாங்கியதில்லை. கல்ஃபை விட்டுக் கிளம்புகிறவர்கள் ஃப்ரிட்ஜை விற்பார்கள், கட்டிலை ரூம் பையன்களுக்குக் கொடுப்பார்கள், நாயை ஷியாமளாவிடம் விடுவார்கள். "ரெண்டே மாசம் மேடம், பேப்பர் சரியானதும் கூட்டிக்கறோம்" என்பார்கள். போன இடத்தில் ஃபோன் நம்பர் மாறிவிடும். அப்படி வந்ததுதான் கோகோ என்ற தடித்த லாப்ரடார். பாலக்காட்டுக் குடும்பம் விட்டுப்போனது, மலையாளத்தில் சொன்னால்தான் உட்காரும். சுல்தான் ஒரு லக்னோக்காரருடையது, அதற்கு இந்தி. பிங்கி என்ற பஞ்சு உருண்டை பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தியுடையது, அதனிடம் இங்கிலீஷில் கொஞ்ச வேண்டும். ஷியாமளா காலையில் இந்த மூன்றையும் வெளியே கிளப்புவதைக் கேட்டால் ஏர்போர்ட்டில் அறிவிப்பு சொல்வது போலிருக்கும்.

நாலாவது மணி. பட்டர் நிறம், ஒரு காது கிழிசல். அபுதாபிப் பக்கம் முசஃபாவில் பத்மநாபன் கம்பெனி வெல்டர் கார்மேகம், மூடிப்போன ஒரு ஒர்க்‌ஷாப்பின் வாசலில் கிடந்ததைப் பார்த்து குபூஸ் ரொட்டி போட்டு வளர்த்தான். லேபர் கேம்ப்பில் நாய்க்கு அனுமதியில்லை என்றதும் பத்மநாபனுக்கு ஃபோன் போட்டான். "சார், தமிழ் தெரிஞ்ச நாய் சார், விட்டுடாதீங்க" என்றானாம். அது உண்மைதான். அதற்கு ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. தட்டை வைத்தால் தின்னாது. பக்கத்தில் நின்று "சாப்பிடு கண்ணு" என்று சொல்ல வேண்டும். கார்மேகம் வாய்ப்பழக்கத்தில் அப்படிச் சொல்லியே போட்டிருப்பான், ஷியாமளாவிடம் சொல்லத் தோன்றியிருக்காது. அது தெரியாமல் இங்கே முதல் வாரம் பட்டினி கிடந்தது. தாரிணிதான் ஏதேதோ சொல்லிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து மணி அவள் கட்டில் காலடியில்தான் தூங்குகிறது. நாலு வருஷம் ஆகிறது.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

இந்த நாய்களால் தாரிணிக்கு வரன் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று வெளியே சொன்னால், அமையாதபோது பேச்சாகிவிடும். அதனால் ஷியாமளா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பத்மநாபனின் பிறந்தநாளுக்கு டின்னர் என்று கூப்பிடுவது. அமைந்தால் சம்பந்தம், அமையாவிட்டால் கேக் சாப்பிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். மார்ச்சில் தேதிப்படி பிறந்தநாள் வந்தது. ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிங்கி மாப்பிள்ளையின் அத்தை பட்டுப்புடவையில் அவசரத்தை முடித்துக்கொண்டது. அதே பங்குனியில் உத்திரத்தன்று நட்சத்திரப் பிறந்தநாள் வந்தது. இன்னொரு வீட்டார் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஆஸ்துமாவாம், வாசலிலேயே தும்மிவிட்டுத் திரும்பினார்கள். மீதி இருந்தது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்தபடி எழுதிய சர்டிபிகேட் பிறந்தநாள், ஜூன் ஒன்று. நானும் மூன்று தடவை சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒரே வருஷத்தில் ஒரு மனுஷர் இவ்வளவு பிறந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டு நஸீராதான் கேக் செய்வாள். கீழக்கரைக்காரி, வாய் சும்மா இருக்காது. "சாருக்கு வயசு ஏறுதா இறங்குதா, ஒண்ணைச் சொல்லுங்க, அந்த நம்பர் மெழுகுவத்தியை வைக்கிறேன்" என்று கேட்டிருக்கிறாள். நம்பரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் ஷியாமளா.

இந்தத் தடவை வருகிற மாப்பிள்ளை ஆதித்யா. கோயம்புத்தூர்ப் பக்கம், அபுதாபியில் வேலை. அப்பா ரெங்கராஜ் சவூதியில், யான்பு ரிஃபைனரியில் பெரிய எஞ்சினியர். அம்மா நாகவள்ளி. தாரிணியும் ஆதித்யாவும் ஏற்கெனவே ஃபோனில் பேசிக்கொண்டார்கள். மொட்டை மாடியில் நடந்துகொண்டே அந்தப் பெண் சிரித்த சிரிப்பை வைத்துச் சொல்கிறேன், அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் வரனைக் கொண்டுவந்த பன்னீர்செல்வம் கடைசியில் ஒரு குண்டைப் போட்டார். ரெங்கராஜ் கறாராகச் சொல்லிவிட்டாராம்: நாய் இருக்கும் வீடு என்றால் வேண்டவே வேண்டாம், படி ஏற மாட்டோம்.

அதனால்தான் சண்டை. டின்னர் முடியும்வரை நாய்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்பது ஷியாமளா. இன்றைக்கு ஒளித்து வைத்தால் கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே ஒளிப்பது, மணியை விட்டு நான் எங்கே போவது என்பது தாரிணி. வெளியே கட்ட முடியாது, சாயங்காலம்கூடத் தரை கால் வைக்க முடியாதபடி சுடுகிறது. காரில் விடவும் முடியாது. ஏசி ஓடும் வீடுதான் வேண்டும். வீடு என்றால் என் வீடு.

நான் தண்ணீர் மக்கை வைத்துவிட்டு மதிலுக்கு மேல் தலையை நீட்டினேன்.

"ஷியாமளா, ஏதோ என் பேர் அடிபட்ட மாதிரி இருந்துச்சு?"

"அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் நம்ம பசங்களைப் பாத்துக்கறீங்களா?"

"அதுக்கென்ன, எனக்கு நாய்னா உயிராச்சே" என்றேன். எனக்கு நாய் என்றால் பயம். ஆனால் நாயை வைத்துக்கொண்டவளுக்கு மாப்பிள்ளையைப் பற்றி முழுதாகச் சொல்லியாக வேண்டும் இல்லையா?

தாரிணி என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஆன்ட்டி, மணிக்கு மட்டும் சாப்பாடு வைக்கும்போது..."

"தெரியும்மா. சாப்பிடு கண்ணு. உங்க வீட்டுல தினம் கேக்கறதுதானே."

"அவங்க போனதும் நானே ஆதித்யாகிட்ட ஃபோன்ல சொல்லிடுவேன் ஆன்ட்டி. வேண்டாம்னா வேண்டாம்னு போகட்டும்" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

நாலு நாய்களும் என் ஹாலுக்கு வந்தன. என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெட்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அங்கே ஷியாமளா சோபாவில் முடி எடுக்கும் உருளையை உருட்டு உருட்டென்று உருட்டினாள். பிறகு சாம்பிராணி போட்டாள். போட்ட புகையில் பக்கத்து வில்லாவில் ஸ்மோக் அலாரம் அடித்தது.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அபுதாபி நம்பர் கார் வந்து நின்றது. நான் ஜன்னலில் பார்த்தேன். பையன் நல்ல உயரம். அப்பா சஃபாரி சட்டை, முன்னால் இறங்கி வாசலை ஒரு தடவை மோப்பம் பிடிக்கிற மாதிரி பார்த்தார். அந்த அம்மா ஒல்லி, அமைதியான முகம். இந்த முகமா நாய் வேண்டாம் என்கிறது என்று தோன்றியது.

ஜன்னலில் இருந்து எவ்வளவுதான் தெரியும்? பால் பாயசம் செய்து வைத்திருந்தேன். பிறந்தநாள் வீட்டுக்குப் பாயசம் கொண்டு போகாமல் இருப்பது மரியாதை இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் போனேன். அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது என்று ஓனருக்கு என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை மெசேஜ் போட்டிருக்கிறார். அதற்கு மேல் என்னைக் கேட்கக் கூடாது.

நான் போனபோது கேக் வெட்டி முடிந்திருந்தது. பத்மநாபன் மூன்றாவது தடவையாக வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். "வாங்கக்கா, உக்காருங்க" என்று வாயால் சொன்ன ஷியாமளா, கண்ணால் "நாய்?" என்றாள். நானும் கண்ணால் "தூங்குது" என்றேன்.

"இவங்க எங்க பக்கத்து வீடு. எங்களுக்குக் கூடப்பிறந்தவங்க மாதிரி" என்றாள் அவர்களிடம்.

"அப்படிங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்றார் ரெங்கராஜ். "ஏனுங்க, இந்தப் பக்கம் நாய்த் தொந்தரவு ஒண்ணும் இல்லீங்களே?"

"நாயா? இங்கயா?" என்றேன். என் புடவையில் சுல்தானின் முடி ஒட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முந்தானையை இழுத்து மூடினேன்.

டின்னர் ஆரம்பித்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாய் இல்லாவிட்டாலும் அது நாய் வீடுதான். சமையலறையிலிருந்து ஹாலுக்கு வரும் வழியில் ஷியாமளா இல்லாத நாயைக் காலைத் தூக்கித் தாண்டினாள். பின்னால் வந்த தாரிணியும் அதே இடத்தில் தாண்டினாள். மேஜையில் தட்டுகள் எல்லாம் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக இருந்தன, விளிம்பில் ஒன்று கிடையாது. கையை நீட்டி எட்டித்தான் சாப்பிட வேண்டியிருந்தது. பத்மநாபன் பேசிக்கொண்டே வடையைப் பிய்த்து மேஜைக்கு அடியில் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஏதாவது விழுந்துருச்சுங்களா?" என்று நாகவள்ளி குனியப் போனாள்.

"மோதிரம்" என்றார் பத்மநாபன். விரலில் மோதிரம் பளிச்சென்று இருந்தது.

ஷியாமளா பார்த்த பார்வையில் அவர் வடையைத் தானே வாயில் போட்டுக்கொண்டார்.

மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பையன் தாரிணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் தலை நிமிரவில்லை. பூரியைப் பிய்த்தாள், பிய்த்ததைத் தட்டிலேயே வைத்தாள். எதிரில் இருந்த நாகவள்ளிக்கு அது பொறுக்கவில்லை.

"எல்லாருக்கும் பரிமாறிட்டு நீ கொறிச்சுட்டு இருக்கிறியே. சாப்பிடு கண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாரிணி சட்டென்று நிமிர்ந்தாள். அதே நேரம், நான் வரும்போது ஒருக்களித்து விட்டிருந்த வாசல் கதவு படாரென்று திறந்தது.

முதலில் கோகோ. பின்னால் சுல்தான், பிங்கி. ஹாலே கப்பல் மாதிரி ஆடியது. "இரிக்கெடா! பைட்டோ! சிட், பிங்கி, சிட் பேபி!" என்று ஷியாமளா மூன்று மொழியில் கத்தினாள். மூன்றும் உட்கார்ந்தன. கோகோ உட்கார்ந்த இடம் ரெங்கராஜின் செருப்பில்லாத கால். மனுஷர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"பன்னீர்செல்வத்துக்கிட்ட நான் தெளிவாச் சொல்லியிருந்தேனுங்களே!" என்று ஆரம்பித்தார். பாதியில் வாசலைப் பார்த்தார். கடைசியாக மணி வந்துகொண்டிருந்தது.

அது ஓடவில்லை, குரைக்கவில்லை. தரையை மோந்துகொண்டே நேராக நாகவள்ளியிடம் போயிற்று. அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்தது. தொண்டையில் ஒரு சத்தம், குக்கர் அடங்குகிற மாதிரி.

நாகவள்ளி குனிந்து பார்த்தாள். கிழிந்த காதைத் தொட்டாள். மறு காதைப் புரட்டி உள்ளே இருந்த கறுப்பு மச்சத்தைப் பார்த்தாள்.

"டாஃபி?"

வால் தரையில் பட்பட்டென்று அடித்தது. ஆதித்யா நாற்காலி பின்னால் விழ எழுந்தான். "அம்மா! டாஃபிம்மா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தேன்.

நாகவள்ளி மெதுவாகத் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். "ஏனுங்க, அல் ஐன் பண்ணையில இருந்து இவன் இங்க எப்படிங்க வந்தான்?"

ரெங்கராஜ் இன்னும் காலை மேலேதான் வைத்திருந்தார். "அதுதான் எனக்கும் தெரியலை. ஓடி வந்துட்டானாட்ட இருக்குது."

"அல் ஐன்ல இருந்து ஷார்ஜாவுக்கா?"

விஷயம் இதுதான். யான்புவில் வேலை கிடைத்தபோது இவர்கள் முசஃபா பக்கம் குடியிருந்தார்கள். பையன் ஊரில் காலேஜில் இருந்தான். சவூதிக்கு நாயைக் கொண்டுபோக அலைச்சல். நாகவள்ளி சாமான் கட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், அல் ஐனில் ஒரு அரபிக்காரரின் பேரீச்சம்பழத் தோட்டத்தில் விட்டுவிட்டேன், ராஜா மாதிரி இருப்பான் என்று ரெங்கராஜ் வந்து சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விட்டாரா?

"போன பொங்கலுக்குக்கூட ஆடு மேய்க்கிறான்னு சொன்னீங்களே!"

ரெங்கராஜ் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

"வெயில் தாங்காம கொட்டாய் போட்டுக் குடுத்திருக்காங்கன்னீங்க. குட்டி போட்ருச்சுன்னுகூட ஒருக்கா வாய் தவறிச் சொன்னீங்க. அவன் ஆம்பளைன்னு நாந்தான் ஞாபகப்படுத்துனேன்!"

"அப்பா, வீடியோ கால்ல காட்டுங்கன்னு நான் கேட்டப்போ, பண்ணையில சிக்னல் இல்லைன்னீங்களே?" என்றான் பையன்.

"நல்ல இடமாப் பாத்துத்தான் விட்டேன்" என்றார் ரெங்கராஜ், கோகோவின் தலையைப் பார்த்துக்கொண்டு. "ஒர்க்‌ஷாப்புல நம்மாளு ஒருத்தன் பாத்துக்கறேன்னான். ஷெட்டு இருந்துச்சு. அது மூடிப்போகும்னு நான் கண்டனா? உனக்கு ஒர்க்‌ஷாப்புன்னு சொன்னா நீ அழுவே. அதான் தோட்டம்னேன்."

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. நாய் வேண்டாம் என்று சொன்னது அந்த அம்மா இல்லை. எங்கே நாயைப் பார்த்தாலும் "டாஃபியை ஒருக்கா கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்று அவள் ஆரம்பிப்பாளாம். அதற்குப் பயந்து ரெங்கராஜ் நாலு வருஷமாக நாய் இருக்கும் தெருவுக்கே அவளைக் கூட்டிப்போனதில்லை.

ஷியாமளாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி எடுக்க ஒரு பிறந்தநாளும் மிச்சமில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர்கள் அவள் டைனிங் டேபிளில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். நாகவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாடா கண்ணு, நாம போலாம். ஆதி, காரை எடு."

"மணி எங்கயும் வரமாட்டான்" என்றாள் தாரிணி.

ஷியாமளா மகளின் கையைக் கிள்ளினாள். தாரிணி அதைத் தட்டிவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஆன்ட்டி. உங்க வீட்டு நாயா இருக்கலாம். ஆனா காதுல சீழ் வச்சு வந்தப்போ ராத்திரி பகலா மருந்து போட்டது நான். சாப்பாட்டுக்கு என்ன சொல்லணும்னு தெரியாம அவனோட சேர்ந்து நானும் பட்டினி கிடந்தேன். நீங்க வந்து கார்ல ஏத்திட்டுப் போக முடியாது. இதுக்காக இந்தச் சம்பந்தம் வேண்டாம்னா பரவாயில்ல."

"அவன் பேரு டாஃபி" என்றாள் நாகவள்ளி.

"மணி."

"டாஃபி, வா!"

"மணி, இங்க வா!"

மணி என்கிற டாஃபி எழுந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு மேஜைக்கு அடியில் போய்ப் பத்மநாபனின் கையில் இருந்த வடையின் முன் உட்கார்ந்துகொண்டது. ஆமாம், அந்த மனுஷர் அந்த நேரத்திலும் வடையை நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

தின்னவில்லை. காத்திருந்தது.

"சாப்பிடு கண்ணு" என்றார்கள் தாரிணியும் நாகவள்ளியும், ஒரே நேரத்தில்.

தின்றது. முதலில் சிரித்தது ஆதித்யா. அடுத்து தாரிணி. நாகவள்ளி அழுதுகொண்டே சிரித்தாள். ரெங்கராஜ் சிரிக்கலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். கூடாது என்று தெரிந்தது.

நாகவள்ளி மறுபடி உட்கார்ந்தாள். "என்ற வீட்டுல நாயை விட்டுட்டு வந்து கதை சொல்ற ஆளு இருக்குது. நாய்க்காகச் சண்டை போடற ஆளு இல்லை. எனக்கு இந்தப் பொண்ணு வேணுங்க" என்றாள் ஷியாமளாவிடம். "டாஃபி இவகூடவே வரட்டும். மணின்னே கூப்பிடட்டும், எனக்கொண்ணுமில்லை."

"ஒருத்தரும் என்னைக் கேக்கலையே" என்றான் ஆதித்யா.

"உன்னைத்தான் மொட்டை மாடியில கேட்டாச்சே" என்றேன் நான். தாரிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு பாயசத்தைப் பரிமாறினேன்.

மூன்று பிறந்தநாளில் அன்றுதான் பத்மநாபன் முழு கேக்கையும் நிம்மதியாகச் சாப்பிட்டார். அவருக்கும் கோகோவுக்கும் பாதிப் பாதி. ரெங்கராஜுக்கு மட்டும் பாயசம் இறங்கவில்லை. கிளம்பும்போது என்னிடம் வந்து, "நாய் இல்லைன்னு சொன்னீங்களேங்க" என்றார். "பண்ணை இருக்குன்னு சொன்னது யாருங்க?" என்றேன். போய்க் காரில் ஏறிக்கொண்டார். பின் சீட்டில்.

ஆவணியில் கோயம்புத்தூரில் கல்யாணம் நடந்தது. சீர் வரிசையில் ஒரு நாய்ப் படுக்கை இருந்ததாகச் சொன்னார்கள்; நான் போட்டோவிலும் பார்த்தேன், இருந்தது. தாரிணியும் ஆதித்யாவும் மணியும் இப்போது அபுதாபியில் இருக்கிறார்கள். நாகவள்ளி திரும்ப யான்புவுக்குப் போகவில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்தாசையாக இருக்கிறேன் என்கிறாள். அந்த வீட்டில் அவள் யாருக்கு ஒத்தாசை என்று எனக்குத் தெரியும். ரெங்கராஜ் யான்புவில் தானே சமைத்துச் சாப்பிடுகிறார். தினம் வீடியோ காலில் வந்தால் முதலில் நாயிடம் பேச வேண்டும், பிறகுதான் ஃபோன் கைமாறும். கார்மேகத்துக்கும் ஊரில் கல்யாணம் முடிந்தது, பெண் பெயர் சந்தியா. மணிக்கு என்று தனியாக ஒரு பத்திரிகை அனுப்பியிருந்தான்.

நஸீரா குடும்பம் போன மாதம் தோஹாவுக்கு மாறிப் போய்விட்டது. ஃப்ரிட்ஜை விற்றார்கள், கட்டிலை ரூம் பையன்களுக்குக் கொடுத்தார்கள், கிளியை ஷியாமளாவிடம் விட்டுப் போனார்கள். ரெண்டே மாசமாம். அந்தக் கிளிக்குத் தமிழ் நன்றாக வருகிறது. வீட்டில் பேசுவதை எல்லாம் திருப்பிச் சொல்கிறது. கூண்டை மதிலோரம்தான் மாட்டியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் கறிவேப்பிலைக்கு நான் அவ்வளவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருப்பதில்லை.